ஆடி மாதக் கல்யாண மண்டபத்தில் ஒரு டேட்டாபேஸ் கூட்டம்: பொத்தேரியிலிருந்து மாமல்லபுரக் கரைக்கு

சென்ற ஆடியில் ஒரு சனி, ஞாயிறு மாமல்லபுரம் போய் வந்தேன். சிற்பம் பார்க்கப் போகவில்லை. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் கல்லைவிடத் தங்கள் முகத்தைத்தான் அதிகம் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் போனது ஒரு திறந்த மூல டேட்டாபேஸின் ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டத்துக்கு. எந்த டேட்டாபேஸ் என்று சொல்லப் போவதில்லை. அதில் வேலை செய்பவர்கள் புரிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வங்கியோ மருத்துவமனையோ ரேஷன் கடையோ, தகவலைச் சேர்த்துவைத்துக் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இப்படி ஒரு மென்பொருள் உள்ளே உட்கார்ந்திருக்கும். எங்களுடையது இலவசம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லை. அதனால் சண்டைக்கும் குறைவில்லை.

என் சண்டை ஞானவேல் என்பவனோடு. எட்டு வருடங்களுக்கு முன் இந்த டேட்டாபேஸுக்கு நான் ஒரு பேட்ச் எழுதி அனுப்பினேன். பேட்ச் என்றால், மென்பொருளில் இன்ன இடத்தில் இன்ன மாற்றம் செய்யுங்கள் என்று ஒருவர் எழுதி அனுப்பும் திருத்தம். மற்றவர்கள் அதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் உள்ளே சேர்ப்பார்கள். சேர்க்கும்போது எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று பெயர் போடுவார்கள். சம்பளம் கிடையாது, அந்தப் பெயர்தான் கூலி. என் பேட்ச் உள்ளே போனது. எழுதியவர் என்ற இடத்தில் ஞானவேல் பெயர் இருந்தது. என் பெயர் கீழே, 'யோசனை சொன்னவர்' என்று. இந்த ஆட்கள் எல்லாரும் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மெயிலிங் லிஸ்டிலிருந்து அன்றைக்கே விலகினேன். வேலையில் அந்த டேட்டாபேஸோடுதான் தினமும் மாரடித்தேன், ஆனால் அந்தக் கூட்டத்தார் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில்தான் நடக்கிறது, இந்த வருடம் ஞானவேலும் வருகிறான் என்று தெரிந்ததும் நுழைவுக் கட்டணத்தைக் கட்டினேன். இரண்டு நாள் சாப்பாட்டோடு ஐந்நூறு ரூபாய். அந்த வேலை என்னுடையது என்று அவன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குத்தான் போனேன். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது.

நான் இருப்பது பொத்தேரியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். இங்கே வீடு கேட்டால் "எத்தனை பசங்க தங்கப் போறீங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஐம்பது தாண்டிய ஒருவன் தனியாகக் குடிவருவதை எந்த வீட்டுக்காரரும் நம்புவதில்லை. சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். விடுதிப் பையன்கள் அப்போதுதான் எங்கிருந்தோ திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டுக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நம் நாட்டில் இன்னும் யாரும் கைவைக்காத சில விலைகளில் இது ஒன்று. மின்சார ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். பரனூர் தாண்டியதும் ஏரி வரும். வண்டியின் எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன். எல்லாரும் எழுந்து கழுத்தை நீட்டும் பக்கம் பாருங்கள். ஆடியிலும் தண்ணீர் இருந்தது.

செங்கல்பட்டில் ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையம் நடக்கும் தூரம். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே வருகிறது என்கிறார்கள், ஆகையால் நீங்கள் போகும்போது கேட்டுக்கொண்டு நடங்கள். வழியில் ஒரு கடையில் பொங்கல், வடை, காபி சாப்பிட்டேன். எழுபது ரூபாய். பொங்கலில் மிளகு இருந்தது, நெய் வாசனை மட்டும் இருந்தது. மாமல்லபுரம் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிறது. மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"சார், காலங்காத்தால அஞ்சூறு நீட்னா நான் இன்னா பண்றது? பையில பேங்கா வெச்சிகினு கீறேன்?" என்றார் கண்டக்டர்.

சில்லறை இல்லை என்றேன்.

"அப்ப எறங்கும்போது கேளு. மறந்துட்டன்னா எனக்கு லாபம்."

மறக்கவில்லை. டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் பத்து நிமிடம் நின்றது. மலைக்கோயிலைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். படியேறுவதாக இருந்தால் வெயிலுக்கு முன்னால் போங்கள். அதற்கப்புறம் வயலும் மனைப்பிரிவுக் கொடிகளும் மாறி மாறி வந்தன. கொடிகள்தான் அதிகம். பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் ஊர்.

கூட்டம் நடந்த மண்டபம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு மீனவர் குப்பத்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். பெயர் ஏழுமலை, அதே குப்பத்துக்காரர். மண்டபத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், ஆடில எவன் கல்யாணம் வெச்சிகிறான்?"

"கல்யாணம் இல்லை. கம்ப்யூட்டர் ஆளுங்க கூட்டம்."

"கம்பெனி மீட்டிங்கா?"

"கம்பெனி கிடையாது. எல்லாரும் சேர்ந்து சும்மா ஒரு சாப்ட்வேர் எழுதறோம். யார் வேணா எடுத்துக்கலாம். காசு இல்லை."

"சும்மாவா? அப்ப சண்டையே வராது."

"வரும்."

"டப்பே இல்லாத எடத்துல இன்னாத்துக்கு சார் சண்ட?"

"பேருக்கு."

ஏழுமலை ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிடுவார் போலச் சிரித்தார். "தோ பார்றா. எங்க குப்பத்துல திருவிழா நோட்டீஸ்ல எவன் பேரு மேல, எவன் பேரு கீழன்னு ரெண்டு வருசம் கூழே ஊத்தல. இந்த வருசம்தான் பேரே இல்லாம நோட்டீஸ் அட்ச்சாங்க. நாளைக்கி கூழு. வந்து குடிச்சிட்டுப் போ."

"பேர் இல்லாததால பிரச்சினை தீர்ந்துதா?"

"எங்க? எவன் சார் பேர எடுக்கச் சொன்னான்னு இப்ப அதுக்கு அடிச்சிக்கிறானுங்க."

மண்டபம் எல்லாக் கல்யாண மண்டபங்களையும் போல இருந்தது. வாசலில் வாழை மரம் கட்டும் கொக்கிகள், உள்ளே சுவரெல்லாம் மின்விசிறிகள், மேடை. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபத்துக்காரர் கேட்டதில் பாதிக்குக் கொடுத்துவிட்டாராம். ஜெனரேட்டருக்குத் தனிக் கட்டணம் என்றதும் இவர்கள் வேண்டாம் என்றிருக்கிறார்கள். இதைச் சொன்னவர் அமுதா. கருங்குழிக்காரர், ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் நிர்வாகி. கூட்டத்தை நடத்துவது, மைக் பிடிப்பது, சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று சொல்வது எல்லாம் அவர்தான்.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இரட்டைச் சிம்மாசனம் அப்படியே இருந்தது. தங்க நிறப் பூச்சு, சிவப்பு வெல்வெட், முதுகுக்குப் பின்னால் இரண்டு மயில்.

"அத நகத்த முடியல சார்," என்றார் அமுதா. "தரையில போல்ட் போட்டு முறுக்கி வெச்சிருக்காங்க. மூணு வருசமா இதே மண்டபம்தான். கடைசி நாள் பேட்ச் எழுதினவரும் சரிபார்த்தவரும் அதுல ஜோடியா உக்காந்து பேசணும்னு ஆயிடுச்சி. சரிபார்த்தவர் முதல்ல பேசுவாரு. அவர் முடிக்கறவரைக்கும் எழுதினவர் வாயத் தொறக்கக் கூடாது."

அறுபது பேர் வந்திருந்தார்கள். முக்கால்வாசி என்னைவிடச் சிறியவர்கள். சனிக்கிழமை முழுக்க உரைகள். பேக்கப் எடுப்பது பற்றி ஒருவர் நன்றாகப் பேசினார். ஒரு பெரிய நிறுவனத்து ஆள் தன் நிறுவனத்தைப் பற்றி மட்டும் பேசினார். இலவசமாகக் கிடைத்ததை விற்றுப் பிழைப்பவர்கள்தான் இந்தக் கூட்டங்களில் சமூகம், பங்களிப்பு என்ற சொற்களை அதிகம் சொல்கிறார்கள். மதியச் சாப்பாடு கல்யாணச் சமையல்காரரே செய்தது. பழக்கதோஷத்தில் பாயசமும் வைத்துவிட்டார். கடைசிப் பந்திக்குப் போகாதீர்கள், அப்பளம் இருக்காது.

ஞானவேலைப் பந்தியில்தான் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு நேரெதிர் இலையில் உட்கார்ந்தான்.

"சாப்டியா?" என்றான், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"ம்," என்றேன். எட்டு வருடத்துக்கு அப்புறம் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

சாயங்காலம் மறுநாளுக்கான பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சரிபார்ப்பு. இங்கே ஒரு வழக்கம்: கூட்டத்துக்கு வருகிற யாராக இருந்தாலும் இன்னொருவர் எழுதிய ஒரு பேட்சையாவது ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். புதிய பதிப்புக்குக் கதவடைக்க ஐந்து நாள்தான் இருந்தது. அதற்குள் உள்ளே போகாத பேட்ச் இன்னும் ஒரு வருடம் வெளியே நிற்க வேண்டியதுதான். பட்டியலில் ஞானவேலின் பேட்சுக்கு நேராக என் பெயர் இருந்தது.

அமுதாவிடம் போனேன். "சீட்டுக் குலுக்கிப் போட்டதா? மாத்திடுங்க."

"இல்ல சார். ஞானவேல் அண்ணன் உங்க பேரக் கேட்டு வாங்கினாரு."

"எதுக்கு?"

"அத அவராண்டயே கேளுங்க சார். எனக்கு நாளைக்கு நாப்பது பேருக்கு நாஸ்தா சொல்லணும்."

நான் கேட்கவில்லை. சமாதானம் பேசப் பார்க்கிறான், முகத்துக்கு நேராகக் குறை சொல்லக் கூச்சப்படுவேன் என்று நினைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை, மேடை கிடைத்தது. குறையையும் சொல்லலாம், பழைய கணக்கையும் கேட்கலாம்.

தங்கியது மாமல்லபுரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில். ஏசி இல்லாத அறை தொள்ளாயிரம். ஆடிக் காற்று இருப்பதால் ஏசி வேண்டாம். கடல் தெரியும் அறை என்று எழுதியிருந்தது. தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறினால் தெரியும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே குப்பத்துக்கு வந்துவிட்டேன். படகுகள் திரும்பி, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மன் கோயிலில் பெரிய அண்டாக்களில் கூழ் கொதித்தது. தெருவெல்லாம் சீரியல் பல்பு. ஒலிபெருக்கி மண்டபத்தின் மதில்சுவரைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் மண்டபத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை, வேலை நன்றாக ஓடியது.

ஞானவேலின் பேட்ச் இண்டெக்ஸ் பற்றியது. இண்டெக்ஸ் என்பது தடித்த புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அதைப் பார்த்தால் தெரியும். முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். அந்தச் சொல்லடைவை வேகமாகப் புதுப்பிக்க அவன் ஒரு வழி எழுதியிருந்தான். ஒரு வருட உழைப்பு. வரி வரியாகப் படித்தேன். குறை கிடைக்கவில்லை. சுத்தமான எழுத்து, தேவையான இடத்தில் விளக்கம், ஒரு வரி அதிகம் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய அளவில் பொய்த் தகவல்களை நிரப்பி, லட்சக்கணக்கான பதிவுகளை எழுதவிட்டுப் பார்த்தேன். வேகமாகவே ஓடியது.

பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போனது. சீரியல் பல்பு எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் போட்டிருந்தார்களாம். ஒலிபெருக்கியும் நின்றது. மண்டபத்தில் எல்லாருடைய லேப்டாப்பும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் அணைந்தது. நல்ல லேப்டாப்பை என் பழைய நிறுவனம், ஆட்குறைப்பு என்று என்னை அனுப்பிய அன்றே வாசலில் வாங்கிக்கொண்டது. என்னிடம் இருப்பது பேட்டரி செத்த பழையது.

பக்கத்து மேசைக்காரர் அச்சரப்பாக்கத்துப் பையன், உரக்கடைக் கணக்கு மென்பொருள் எழுதுபவன். "இன்னா அண்ணாத்த, வண்டி நின்னுபோச்சா?" என்றான்.

"பேட்டரி கிடையாது."

"இத எடைக்குப் போட்டா பேரீச்சம்பழம் கூடத் தரமாட்டான் அண்ணாத்த. வூட்ல மியூசியம் வெச்சிகினு கீறீங்களா?"

கரண்ட் வர அரை மணி ஆனது. மறுபடி இயக்கினேன். எங்கள் டேட்டாபேஸின் பெருமையே இதுதான்: நடுவில் மின்சாரம் போனாலும் எழுதி முடித்த எதுவும் தொலையாது, எழுந்ததும் தன்னையே சரிசெய்துகொள்ளும். பதிவுகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன. பிறகு இண்டெக்ஸ் வழியாகத் தேடினேன். சில பதிவுகளைக் காணோம். புத்தகத்தில் பக்கம் இருக்கிறது, சொல்லடைவில் அந்தச் சொல் விட்டுப்போயிருக்கிறது.

இது எவ்வளவு மோசம் என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் நின்றுபோனால் எல்லாருக்கும் தெரியும், சரிசெய்வார்கள். இருப்பதை இல்லை என்று அமைதியாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பைத் தேடும்போது 'குறிப்பு இல்லை' என்று பதில் வரும்.

தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி ஓட்டி, இந்த முறை நானே பிளக்கைப் பிடுங்கினேன். சரியாக வந்தது. மறுபடி பிடுங்கினேன். மறுபடி. நாலாவது தடவை பதிவுகள் காணாமல் போயின. ஞானவேலின் பேட்சை எடுத்துவிட்டுப் பழையபடி ஓட்டிப் பிடுங்கினேன். எத்தனை தடவை பிடுங்கினாலும் எல்லாம் சரியாக இருந்தது. அச்சரப்பாக்கத்துப் பையன் எழுந்து நின்று பார்த்தான். நான் லேப்டாப்பை உடைக்கப் போகிறேன் என்று நினைத்தானாம்.

இப்படி ஒன்று கிடைத்தால் உடனே மெயிலிங் லிஸ்டில் எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டும். அது எங்கள் ஒழுங்கு. நான் எழுதவில்லை. மேடைக்கு வைத்துக்கொண்டேன்.

மதியம் கோயிலிலிருந்து ஏழுமலையும் இன்னும் இரண்டு பேரும் குண்டானில் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு முருங்கைக்கீரை. கல்யாணச் சமையல்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், அவருடைய சாப்பாடு பாதி மீந்துவிட்டது. நான் இரண்டு சொம்பு குடித்தேன். ஆடியில் போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள்.

மூன்று மணிக்கு மேடை ஆரம்பித்தது. எங்கள் முறை நாலாவது. நான் மாப்பிள்ளை பக்கமா பெண் பக்கமா என்று தெரியவில்லை. ஞானவேல் இடது பக்கம் உட்கார்ந்தான், நான் வலது பக்கம். சிம்மாசனம் இரண்டுக்கும் நடுவில் ஒரே கைப்பிடி. மண்டபத்து மேனேஜர் கதவருகில் நின்று யாரிடமோ சொன்னது மைக் இல்லாமலே கேட்டது: "ஜோடிப் பொருத்தம் சூப்பராத்தான் கீது."

சிரிப்பு அடங்கியதும் பேசினேன். பேட்ச் படிக்க நன்றாக இருக்கிறது, வேகமும் உண்மை, ஆனால் இதை உள்ளே விடக் கூடாது என்றேன். பிளக்கைப் பிடுங்கியதையும் பதிவுகள் காணாமல் போனதையும் திரையில் காட்டினேன். நான் முடித்ததும் ஞானவேல் முன்னால் சாய்ந்தான்.

"எத்தினி தடவைக்கு ஒரு தடவ?"

"பத்துக்கு ரெண்டு, மூணு."

"ஒழுங்கா நிறுத்துனா வரலியே?"

"பிடுங்கினா மட்டும்தான்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"நாலு மாசமா இதத்தான் தேடினு கீறேன். எவனோ ஒருத்தன் ஒரே ஒரு தடவ எழுதினான், பதிவு காணோம்னு. என்னால திருப்பி வரவழைக்கவே முடியல. அஞ்சு பேரு பாத்தாங்க. எல்லாம் நம்ம பசங்க. 'சூப்பர் அண்ணா'ன்னு எழுதி அனுப்பிட்டானுங்க." பிறகு மைக்கை என் பக்கம் காட்டினான். "என் மேல கோவமா கீறவன் ஒருத்தன் பாத்தாதான் ஒழுங்கா பாப்பான்னு இவன் பேரக் கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த அமுதா, "எப்ப சார் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பன்னெண்டு மணிக்கு."

"லிஸ்ட்ல போடலியே?"

"மேடைல சொல்லணும்னு வெச்சிருந்தேன்."

"அது தெரியும்," என்றான் ஞானவேல். "அதான் மதியானம் முழுக்க எனக்கு சோறு எறங்கல. நீ பிளக்கப் புடுங்கறத நானும் பாத்துகினுதான் இருந்தேன்."

"வேற எதுனா இருக்கா சார்?" அமுதா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருக்கு. இந்தப் பேட்ச் பத்தி இல்லை." மைக்கை நெருக்கமாகப் பிடித்தேன். எட்டு வருடமாகப் பலமுறை மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம். "எட்டு வருஷத்துக்கு முன்னால உன் பேர்ல உள்ள போன பேட்ச் யார் எழுதினது?"

மறுப்பான், சுற்றி வளைப்பான், மழுப்புவான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

"நீ எழுதினது," என்றான். "திருத்தம் சொல்லி மூணு மெயில் போட்டேன். நீ பதில் போடல. முடிக்க ஆளில்லாம கெடந்துச்சி, நான் முடிச்சேன். அது ஒன்னும் தப்பில்ல. ஆனா மேல உன் பேரு இருந்திருக்கணும். என் பேரப் போட்டேன்."

"ஏன்?"

"அப்ப எனக்கு வேல போயிருந்துச்சி. இன்டர்வியூல காட்டறதுக்கு ஒன்னு வேணும். காட்டினேன், வேல கெடச்சிது. மாத்தலாம்னு பாத்தா முடியாது. அது உனக்கே தெரியும்."

தெரியும். எங்கள் வழக்கத்தில் ஒருமுறை உள்ளே சேர்த்துப் பெயர் எழுதிவிட்டால் அந்த வரலாற்றில் யாரும் கைவைக்க முடியாது. உலகம் முழுக்கப் பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த எல்லாம் பொய்யாகிவிடும். யாரும் திருட்டுத்தனமாக எதையும் மாற்றக் கூடாது என்று செய்த ஏற்பாடு. நியாயத்துக்காகவும் மாற்ற முடியாது.

"சரி," என்றேன். அமுதா அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

கீழே இறங்கியதும் ஏழெட்டுப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பிளக்கை எந்த நேரத்தில் பிடுங்கினேன், எத்தனை பதிவு, என்ன டிஸ்க் என்று கேள்விகள். பழைய விஷயத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன் இவர்களில் பாதிப் பேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்க வந்ததை அறுபது பேர் முன்னால் கேட்டுவிட்டேன், பதிலும் வந்தது. அவர்களுக்கு அது இரண்டு பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டது. அச்சரப்பாக்கத்துப் பையன் மட்டும் வந்து, "மேல போட்டிருக்கணும் அண்ணாத்த. தப்புதான்," என்றான். அப்புறம் அவனும் டிஸ்கைப் பற்றிக் கேட்டான்.

ஞானவேல் ஓரமாக நின்று போனிலேயே மெயில் எழுதிக்கொண்டிருந்தான். பேட்சை இந்தப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. ஐந்து நாள் மீதி இருந்தது. அவசரமாக ஒட்டுப்போட்டு உள்ளே தள்ளப் பார்த்திருக்கலாம். வேறு எத்தனையோ பேர் அதைச் செய்திருக்கிறார்கள். அவன் செய்யவில்லை. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

கிளம்பும்போது வாசலில் பைக்கோடு நின்றான். "வா, செங்கல்பட்டுல எறக்கி வுட்றேன்."

"பஸ் இருக்கு."

"ஞாயித்துக்கெழம சாயங்காலம். நிக்கக் கூட எடம் இருக்காது."

"நின்னுகிட்டுப் போறேன்."

செங்கல்பட்டு வரை ஒரு காலில் நின்றுகொண்டு போனேன். ஞாயிறு மாலை அந்தத் தடத்தில் போகிறவர்கள் மாமல்லபுரத்திலேயே ஏறிவிடுங்கள், நடுவில் கை காட்டினால் நிறுத்தமாட்டார்கள்.

அடுத்த வருடம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். போகவர, அறை, சாப்பாடு, நுழைவு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கடலில் இறங்காதீர்கள்; ஆடியில் அலை இழுக்கும், குப்பத்துக்காரர்களே கவனமாக இருக்கிறார்கள். உரைகளுக்காகப் போவதென்றால் வீட்டிலேயே இருக்கலாம், எல்லாம் பிறகு இணையத்தில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சரிபார்ப்புக்காகப் போங்கள். புதியவர் என்று தயங்க வேண்டாம். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் மற்றவர் எழுதியதை ஓட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லத் தெரிந்தால் போதும். மரியாதைக்காக 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுபவர்கள் வர வேண்டாம். அவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் மறுபடி மெயிலிங் லிஸ்டில் சேர்ந்திருக்கிறேன். சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் ஒப்புக்கொண்டான், ஆனால் நான் மன்னித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. போன வாரம் அவனுடைய திருத்திய பேட்ச் வந்தது. வந்த அன்றே படித்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, மூன்று குறைகளை எழுதி அனுப்பினேன். அன்று மாலையே இரண்டைச் சரிசெய்து அனுப்பிவிட்டான். மூன்றாவது குறையே இல்லை என்று வாதாடுகிறான். வாதம் நடந்துகொண்டிருக்கிறது. எப்படியும் ஒருநாள் அது உள்ளே போகும். எழுதியவர் ஞானவேல், சரிபார்த்தவர் என்று என் பெயர், இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதையும் யாராலும் மாற்ற முடியாது.